மூணாவது தடவை கூப்பிடணும்

அந்தக் கேள்விய நிஜாம் அப்ரூவ் பண்ணவே இல்ல. ஆனா அது குரூப்புல இருந்துச்சு.

காலையில பதினோரு மணி. கடை வாசல்ல சாக்கு லோடு இறங்கிக்கிட்டிருந்துச்சு. புதுச் சாக்குக்குன்னு ஒரு வாடை உண்டு, சணலும் எண்ணெயும் தூசியும் கலந்து தொண்டையில போய் ஒட்டிக்கும். முப்பத்தி நாலு வருஷமா அந்த வாடைக்குள்ளயே உக்காந்து போடி ஏலக்கா யாவாரிங்களுக்குச் சாக்கு விக்கிறாரு நிஜாம். ஆறு வருஷமா இன்னொரு சோலியும் சேந்துக்கிச்சு. ‘நம்ம போடி - கேட்டது கேட்டபடி’ன்னு பேஸ்புக்குல ஒரு குரூப்பு. ஊரப் பத்தி யாரு என்ன கேட்டாலும் பதில் சொல்றது. பதினோராயிரம் பேரு இருக்காங்க. எந்தக் கேள்வியும் நிஜாமோ இன்னொரு அட்மினோ பாத்து ஓகே குடுத்தாத்தான் வெளிய தெரியும்.

ஆரம்பத்துல ஆசையாத்தான் செஞ்சாரு. இப்ப எரிச்சல்தான் மிச்சம். போடிமெட்டு ரோட்டுல எத்தன கொண்டை ஊசி வளைவுன்னு இதோட ஒம்பதாவது தடவ ஒருத்தன் கேட்டுட்டான். பதினேழுன்னு போட்ட ஒடனே, “தப்பு, எங்க சித்தப்பா ஜீப்பு ஓட்டுனவரு, பதினெட்டு”ன்னு ஒருத்தன் கெளம்புவான். ரயிலு ஏன் அத்தன வருஷம் வரலன்னு கேப்பாங்க. தென்னகத்துக் காஷ்மீர்னு யாரு பேரு வச்சான்னு கேப்பாங்க. முந்தாநாளு ஒருத்தன், “பாய், எங்க தெருவுல கரண்டு எப்ப வரும்?”னு கேட்டிருந்தான். இது வரலாறாய்யா? வீட்டுல ரசியா வேற குத்திக் காட்டுவா. “ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பதில் சொல்றீங்க. மிக்சி ஜாரு எங்கன்னு நான் கேட்டா மட்டும் வாயில கொழுக்கட்ட.”

ஆனாலும் ஒரு கேள்விய பதில் இல்லாம விட்டுட்டு நிஜாமால தூங்க முடியாது. அது ஏன்னு அவரு யோசிச்சதில்ல. யோசிக்கக் கூடாதுன்னு வச்சிருந்தாரு.

அன்னைக்கி வந்த கேள்வி இதான்:

“ஏலக்கா ஸ்டோர் கதவச் சாத்துறதுக்கு முன்னாடி ஏன் ஆள் கூப்பிடுறாங்க?”

கேட்டவ பேரு ‘மலைக்காரி’. போட்டோவுல ஈரமான ஒரே ஒரு பச்சைக் காய்.

சுசித்ராவுக்குப் போன் அடிச்சாரு. பள்ளிக்கூட டீச்சர், குரூப்புக்கு இன்னொரு அட்மின்.

“டீச்சர், இத நீங்களா ஏத்துனீங்க?”

“இல்ல சார், நீங்கதான்னு நெனச்சேன். நல்ல கேள்வி சார். வளைவக் கேட்டுக் கேட்டு உயிர வாங்குற ஊருல இப்பிடி ஒண்ணு வந்திருக்கே. பதில் போடுங்க.”

நல்ல கேள்விதான். அதான் அவரும் ஏமாந்துட்டாரு. கல்லாவுல உக்காந்து ஒத்தை விரலால அடிச்சாரு. மலையில பறிக்கிற பச்சைக் காய வெயில்ல போட்டா நெறம் செத்துரும். அதுக்குன்னு கட்டுனதுதான் ஸ்டோரு. ஜன்னல் கெடையாது, தகரக் கூரை. செவத்துக்கு வெளிய விறகு அடுப்பு எரியும், அந்தச் சூடு பெரிய இரும்புக் கொழாய் வழியா ரூமுக்குள்ள சுத்தி வரும். கொழாய்க்கு மேல அடுக்கடுக்காத் தட்டு, தட்டு நெறையாக் காய். கதவச் சாத்திட்டா ஒரு நாளு தெறக்கக் கூடாது, தெறந்தா பச்சை போயிரும். தாழ்ப்பா வெளிய மட்டும்தான். ஐப்பசிக் குளுருல வேலக்காரங்க சூட்டுக்காக உள்ள போய்ப் படுத்துருவாங்க. அதனால சாத்துறதுக்கு முன்னாடி மூணு தடவ ‘உள்ள யாரு’ன்னு கூப்பிடணும். அதான் மொறை.

மத்தியானத்துக்குள்ள இருநூறு லைக்கு. ரொம்ப நாளைக்கப்பறம் மனசு குளுந்து சோத்துக்குப் போனாரு.

நாலு மணிக்குக் கீழ ஒரு கமெண்ட்டு வந்துச்சு. மலைக்காரிதான்.

“பதில் முழுசா இல்லையே சின்ன மொதலாளி.”

கடைக்குள்ள பேன் சுத்திக்கிட்டுதான் இருந்துச்சு. நிஜாமுக்கு முதுகுல வேர்வை குளுந்து போச்சு. அவரச் சின்ன மொதலாளின்னு கூப்பிட்டது ஒரே ஒருத்திதான். அதுவும் கேலிக்கு.

அழிச்சாரு. போச்சு. டீ குடிச்சிட்டு வந்து பாத்தா அங்கயே இருந்துச்சு. கீழ இன்னொண்ணு.

“மூணாவது தடவ எப்பிடிக் கூப்பிடணும்?”

பிளாக் பண்ணப் பாத்தாரு. அப்பிடி ஒரு ஆளே இல்லன்னு காட்டுச்சு. ஆனா ஊருக்கே அது தெரியுது. லைக்கு போடுறாங்க. “அட்மின் பதில் எங்க?” “பாய் மாட்டிக்கிட்டாரு டோய்.” “தெரியலன்னா தெரியலன்னு சொல்லிறலாம்ல பாய், இதுல என்ன இருக்கு?” ராத்திரிக்குள்ள நாப்பத்தி ஒரு பேரு அவரு பேரக் குறிச்சுக் கேட்டுட்டாங்க. ஒவ்வொருத்தனுக்கும் போன்ல டிங்கு டிங்குன்னு ஒரு சத்தம். அடச்சீன்னு போனத் தலைகாணிக்கு அடியில சொருகுனாரு. கொஞ்ச நேரத்துல தலைகாணியில வாடை வந்துச்சு. சாக்கு வாடை இல்ல. காய வச்சு ஜாடியில போட்ட ஏலக்கா வாசமும் இல்ல. பறிச்சு ரெண்டு மணி நேரம்கூட ஆகாத பச்சைக் காயி, ஈர மண்ணோட, சூடு ஏற ஆரம்பிக்கிறப்ப வருமே, அந்தக் கப்புன்னு அடிக்கிற வாடை.

“என்னங்க, மெத்தையில ஏலக்காயக் கொட்டி வச்சிருக்கீங்களா?”ன்னா ரசியா, தூக்கத்துலயே.

அப்ப அவளுக்கும் வருது.

மூணாவது தடவ எப்பிடிக் கூப்பிடணும்னு நிஜாமுக்குத் தெரியும். பதில்ல அத வேணும்னேதான் விட்டாரு. மொத ரெண்டு தடவ வெளிய நின்னு கூப்பிடணும். மூணாவது தடவ தலைய உள்ள விட்டு, இருட்டப் பாத்துக் கூப்பிட்டு, பத்து எண்ணுற வரைக்கும் காத்திருக்கணும்.

முப்பத்தி நாலு வருஷத்துக்கு முன்னாடி நிஜாமுக்குப் பத்தொம்பது வயசு. போடிமெட்டுக்குக் கீழ யூனுஸ் மாமுவோட தோட்டம். மாமுவுக்குப் புள்ள இல்ல, அதனால ஸ்டோரப் பாத்துக்கிற சோலி மருமகனுக்கு. சிலமலை ஊருலருந்து காய் பொறுக்க வர்ற கருத்தம்மாவுக்கு அவன விட அஞ்சு வயசு கூட இருக்கும். வாயத் தெறந்தா கேள்விதான். “சின்ன மொதலாளி, இந்தக் காயி கடல் தாண்டிப் போவுமாமே, எங்க போவும்?” “சின்ன மொதலாளி, மலைக்கு அந்தப் பக்கம் பேசுறவுகளுக்கு நம்ம பேச்சு வெளங்குமா?” “சின்ன மொதலாளி, ஒரு காய் காயிறதுக்கு எத்தன மணி நேரம் ஆவும்?” தெரிஞ்சதும் தெரியாததும் சேத்து அவன் பதில் சொல்லுவான். ஒரு ஆளு தன்னப் பெரிய மனுசனா மதிச்சுக் கேக்குறது அவனுக்கு அம்புட்டுப் பிடிச்சிருந்துச்சு. இருபத்தி நாலு மணி நேரம்னு வெரலக் காட்டிச் சொன்னது இப்பவும் ஞாபகம் இருக்கு.

அன்னைக்கி அவளுக்குக் காய்ச்சல். மத்தியானத்துக்கு மேல ஆளக் காணோம். வீட்டுக்குப் போயிருப்பான்னு நெனச்சான். மழை பிடிச்சுக்கிச்சு. அடுப்பு நெறைய விறகு அடுக்கிப் பத்த வச்சாச்சு. கீழ போற கடைசி ஜீப்பு வளைவுல நின்னு ஆரன் அடிக்குது. அவன் கதவுக்கிட்ட நின்னு ஒரு தடவ கூப்பிட்டான். ரெண்டாவது தடவ கூப்பிட்டான். ஆரன். “வர்றேண்ணே! வந்துட்டேன்!”னு கத்திக்கிட்டே கதவ இழுத்துத் தாழ்ப்பாளப் போட்டுட்டு ஓடுனான்.

அன்னைக்கி ராத்திரி ரோட்டுல மண்ணு சரிஞ்சுச்சு. நாலு நாளு வண்டி இல்ல. அஞ்சாம் நாளு யூனுஸ் மாமு தோட்டத்துலருந்து போடிக்கு எறங்கி வந்தாரு. டீயக் கையில வச்சுக்கிட்டுக் குடிக்காமயே உக்காந்திருந்தாரு. அப்பறம், “நீ இனிமே மலைக்கு வர வேணாம். சாக்குக் கடை வச்சுத் தர்றேன்”னாரு. அந்த ஸ்டோருல அதுக்கப்பறம் அடுப்பே எரியல. கருத்தம்மா ஒரு டிரைவரோட மலைக்கு அந்தப் பக்கம் ஓடிப் போயிட்டான்னு சிலமலையில பேசிக்கிட்டாங்க. அவன் எதையும் கேக்கல. மாமு சாகக் கெடந்தப்பக்கூட, பக்கத்துல ஒம்பது நாளு இருந்தும், ‘அன்னைக்கி உள்ள யாரும் இருந்தாங்களா மாமு?’ங்கிற ஒரு கேள்வி வாயில வரல.

மூணு நாளா குரூப்பு கொதிச்சுச்சு. கடைசியில சுசித்ரா டீச்சரே போட்டுட்டாங்க: “ஞாயித்துக்கிழமை நிஜாம் சார் நம்மள அவங்க மாமுவோட பழைய ஸ்டோருக்கே கூட்டிட்டுப் போய் நேர்ல விளக்குவாரு.” அவரக் கேக்கவே இல்ல.

வேணாம்னு சொல்லத்தான் போன எடுத்தாரு. அப்பறம் தோணுச்சு, போயிட்டாத்தான் என்ன? ஒரே ஒரு தடவ உள்ள பாத்துட்டா போதும். ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்ல. ஓடிப் போனவ ஓடிப் போனவதான். இந்த வயசுலயாச்சும் அந்த ஒரு பதிலு தெரிஞ்சிட்டா மனுசன் நிம்மதியாத் தூங்கலாம்.

வர்றேன் வர்றேன்னு அறுவது பேரு கமெண்ட்டு போட்டாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்தது சுசித்ரா டீச்சர் மட்டும்தான். தங்கபாண்டியன் ஜீப்பக் கொண்டாந்திருந்தாரு, பத்து வருஷமா எஸ்டேட் ஆளுகள ஏத்துற வண்டி.

“பாய், இன்னைக்கி நீங்களே எண்ணிப் பாத்துருங்க. பதினேழா பதினெட்டா? ஊரே அடிச்சிக்கிது.”

“இதுல எண்ண என்னய்யா இருக்கு? பதினேழு.”

“பாய்க்குத் தெரியாததே கெடையாது டீச்சர். எங்க வீட்டு நாயி ஏன் குரைக்குதுன்னுகூடக் கேட்டுப் பாக்கணும்.”

சுசித்ரா சிரிச்சாங்க. நிஜாமுக்குச் சிரிப்பு வரல. அடிவாரத்து முந்தல் தாண்டி ஏற ஏற வெயிலு மங்குச்சு. பஞ்சு மாதிரி மேகம் ரோட்டுக்கே எறங்கி, பாறை, தடுப்புச் செவரு, கொரங்கு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா முழுங்கிக்கிட்டே வந்துச்சு. அவரு வேண்டாம்னு நெனச்சும் மனசு எண்ணுச்சு. பதினஞ்சு. பதினாறு. பதினேழு. இதுக்கு மேல தோட்டத்துக்குப் பிரியிற மண்ணு ரோடுதான்.

ஜீப்பு இன்னொரு தடவ திரும்புச்சு.

அதே மாதிரி கூரான வளைவு. அதே மாதிரி வளைவு போட்ட மஞ்சப் பலகை, நம்பரு மட்டும் மழையில கரைஞ்சு போயிருந்துச்சு. தங்கபாண்டியன் ஸ்டீயரிங்கப் பழக்கத்துல திருப்புற மாதிரி திருப்பிக்கிட்டே ஏதோ பேசிக்கிட்டிருந்தாரு.

“தங்கபாண்டி, இது எத்தனாவது வளைவு?”

“நீங்கதான பாய் எண்ணுனீங்க.”

ஸ்டோரு அப்பிடியே நின்னுச்சு. சுத்தியும் பிரம்பும் புல்லும் ஆளு ஒசரத்துக்கு. வெளியடுப்பு வாயில பூச்செடி மொளைச்சிருந்துச்சு, உள்ள ஈரச் சாம்பலு, தொட்டா ஐஸு மாதிரி. அதப் பாத்ததுமே அவருக்குப் பாதி உசுரு வந்துச்சு. எரிஞ்சு எத்தன வருஷம் ஆயிருக்கும்.

“சார், இங்க ஒரே அட்டையா இருக்கு, நான் ஜீப்புல இருக்கேன். நீங்க போட்டோ எடுத்துட்டு வாங்க,”ன்னாங்க சுசித்ரா.

“பாய், வெரசா. மழை வருது.”

தாழ்ப்பா துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. ஆனா தொட்டதும் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கிட்டு வந்துச்சு. கதவ அகலத் தெறந்து, அடியில ஒரு கல்ல வச்சு முட்டுக் குடுத்தாரு. போன்ல லைட்டப் போட்டுட்டு உள்ள போனாரு.

காலித் தட்டு. அடுக்கடுக்கா, மேல வரைக்கும், எல்லாம் காலித் தட்டு. ஒட்டடை. எலிப் புழுக்கை. கொழாய்ல துரு. லைட்ட மெதுவா ஓட்டுனாரு, ஒவ்வொரு மூலையும், ஒவ்வொரு தட்டும். ஒண்ணும் இல்ல. ஒரு எலும்பு இல்ல, ஒரு துணி இல்ல. யா அல்லாஹ்னு ஒரு மூச்ச விட்டாரு. முப்பத்தி நாலு வருஷம். ஒண்ணுமே இல்லாததுக்கா?

திரும்புறப்பதான் கடைசி வரிசையோட அடித்தட்டு கொஞ்சம் வெளிய இழுத்துக் கெடந்தது தெரிஞ்சுச்சு. தட்டுல மடிச்ச சாக்கு ஒண்ணு. தலைக்கு வைக்கிற மாதிரி மடிச்சது. நடுவுல குழிவு. தலை வச்ச குழிவு.

தொட்டுப் பாத்தாரு.

ஈரம். வேர்வை மாதிரி, வெதுவெதுன்னு.

மழை பிடிச்சுக்கிச்சு. தகரத்துல மொதல்ல நாலு துளி, அப்பறம் ஒரு லோடு சரளைக் கல்லக் கொட்டுன மாதிரி. அந்த எரைச்சலுக்கு நடுவுல வெளிய இருந்து ஒரு கொரலு.

“உள்ள யாரு?”

தங்கபாண்டியன் வெளையாடுறான். “யோவ், நான்தான்யா! வர்றேன்!” கத்துனாரு. தன்னோட சத்தம் தனக்கே கேக்கல. தகரம் மொத்தத்தையும் தின்னுடுச்சு. அப்பத்தான் புரிஞ்சுச்சு. மழையில உள்ள இருந்து என்ன கத்துனாலும் வெளிய கேக்காது. அதுக்குத்தான் மூணாவது தடவ. அதுக்குத்தான் தலைய உள்ள விடணும். பதிலே வரலன்னு இத்தன வருஷமாத் தனக்குத் தானே சொல்லிக்கிட்டாரே.

பதில் வந்திருக்கும்.

“உள்ள யாரு...?”

எளங்கொரலு. அவசரக் கொரலு. ‘யாரு’வ இழுக்கிற அந்த இழுப்பு.

தங்கபாண்டியன் இல்ல.

கதவப் பாத்து ஓடுனாரு. கால்ல தட்டு இடிச்சுச்சு. விழுந்தாரு. போன் தெறிச்சுப் போச்சு. வாசல்ல வெளிச்சம். அதுல ஒரு ஒல்லி உருவம், பத்தொம்பது வயசு இருக்கும். நனைஞ்ச சட்டை. முகம் ரோட்டுப் பக்கம் திரும்பியிருக்கு.

ஆரன்.

“டேய்! இருக்கேன்! உள்ள பாருடா! ஒரு தடவ உள்ள பாரு!”

ஆரன்.

“வர்றேண்ணே! வந்துட்டேன்!”

முட்டுக் குடுத்த கல்லு இல்ல. வெளிச்சம் கோடாச்சு. கோடும் போச்சு.

தாழ்ப்பா.

அடிச்சாரு. கையாலயும் காலாலயும் அடிச்சாரு. சுசித்ரா பேரச் சொன்னாரு. தங்கபாண்டியன் பேரச் சொன்னாரு. அல்லாஹ் பேரச் சொன்னாரு. மழை. மழை. தகரம்.

“கத்தாதீங்க சின்ன மொதலாளி.”

பின்னாடி. அடித்தட்டுல இருந்து.

“நானும் கத்துனேன். வெளிய கேக்கல. இன்னொரு தடவ கூப்பிடுவான்னு மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அவன் ரெண்டு தடவதான் கூப்பிடுவான்.”

டிக்.

கொழாய்ல. இரும்பு சூடேறுற சத்தம்.

டிக். டிக்.

வாடை ஏறுச்சு. பச்சை வாடை. கண்ணு எரிஞ்சுச்சு. போன் தரையில கவுந்து கெடந்துச்சு, லைட்டு அடித்தட்டப் பாத்து அடிச்சுச்சு. தட்டோட விளிம்புல ஒரு கை. சுருங்கி, வரி வரியா, தண்ணி மொத்தமும் போய்க் காஞ்ச கை. ஆனா கருகல. அழுகல. நெறம் மாறல. நல்ல பக்குவத்துல எறக்குன காய் மாதிரி, பச்சை மாறாம.

இன்னொரு கை வந்துச்சு. சாக்க ஓரமா நகத்தி, இன்னொரு தலை வைக்க எடம் பண்ணுச்சு.

“சின்ன மொதலாளி, ஒண்ணு கேக்கவா?”

டிக். டிக். டிக்.

“ஒரு காய் காயிறதுக்கு எத்தன மணி நேரம் ஆவும்?”

அவருக்குப் பதில் தெரியும்.

அடித்தட்டுல அது காத்துக்கிட்டிருந்துச்சு, அவசரமே இல்லாம.